ஒரு சொட்டு கசியாது

அந்தக் குடியிருப்பில் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளிக்குக்கூடத் தெரியாது. ‘ஒருசொட்டு’ வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட மூன்றாவது மாடியைக் கை காட்டும். முப்பத்தைந்து வருஷம் குழாய் வேலை பார்த்த மனிதர். எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, “ஒரு சொட்டு கசியாது” என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். சொன்ன மாதிரியே கசியவும் கசியாது. அதனால் அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான்.

அவர் மனைவிக்குப் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பாடம் நடத்துகிறவள் இல்லை. குடுவை கழுவி, அமில பாட்டில்களை அலமாரியில் வரிசையாக வைத்து, பிள்ளைகள் சிந்தியதைத் துடைத்து, சாவியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டிவிட்டு வருகிறவள். கல்யாணமான புதிதில் அவர் அவளை “டீச்சரம்மா” என்று கேலி செய்யத் தொடங்கினார். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். சாயங்காலம் நாலரை மணிக்குக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து “டீச்சரம்மா வந்தாச்சா?” என்று குரல் வந்தால்தான் அவளுக்கு அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு.

மறதி சத்தம் போடாமல்தான் வந்தது. ஸ்பேனரைக் காணோம், மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவார். வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று அவளும் பேசாமல் தேடிக் கொடுத்தாள். ஒருநாள் அவர் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய் ஒரே குழாயைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார். மூன்றாவது தடவை அந்த வீட்டம்மா கதவைத் திறக்காமல் அவளுக்கு ஃபோன் செய்தாள். அதற்கப்புறம் டாக்டர், ஸ்கேன், நீளமான ஒரு நோயின் பெயர். குணமாகாத நோய் என்பதை டாக்டர் நாலைந்து விதமாகச் சுற்றி வளைத்துச் சொன்னார். கடைசியில், “அவருக்குன்னு தினமும் ஒரு வேலை குடுங்க. சின்ன வேலையா இருந்தாப் போதும். அது கையில இருக்கற வரைக்கும் மனுஷன் பிடிமானத்தோட இருப்பார்” என்றார்.

அப்படித்தான் பால்கனிக்குச் செடி வந்தது. பரணில் கிடந்த நாலு அங்குலக் குழாய் இரண்டை நீளவாக்கில் பிளந்து தரச் சொன்னாள். பிளந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கம்பியில் கட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு தொட்டிகளைத் தொங்கவிட்டார்கள். மேலே கொத்தமல்லி, அடுத்தது வெந்தயம், அப்புறம் கற்பூரவல்லி, அடியில் புதினா. நாலடி அகலப் பால்கனியில் நாலு வரிசைப் பச்சை. கீழ் வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்து, “என்ன அக்கா, தோட்டத்தைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டீங்க?” என்றாள். காலையில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. நீலநிறப் பிளாஸ்டிக் மக் ஒன்று அதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

மூன்றாவது வாரம் கற்பூரவல்லி அழுகியது. தண்டைத் தொட்டால் கையோடு வந்தது. அடுத்து வெந்தயம் படுத்துவிட்டது. விதை சரியில்லை, மண் சரியில்லை என்று அவள் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலையிலிருந்து மதியத்துக்குள் அவர் ஏழு தடவை ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு அதுதான் முதல் தடவை என்கிற சிரத்தையோடு, ஒவ்வொரு செடியின் அடியிலும் பார்த்துப் பார்த்து ஊற்றினார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “எத்தனை வாட்டிங்க ஊத்துவீங்க? செடியக் கொல்றீங்களே!” என்று கத்திவிட்டாள்.

“நான் இப்பத்தானே வந்தேன்?” என்றார் அவர், மக்கைப் பிடித்தபடி.

பொய் சொல்கிற முகமில்லை அது. பிடிபட்ட முகமும் இல்லை. அடித்தது எதற்கென்று தெரியாத குழந்தையின் முகம். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். இனி இந்த விஷயத்துக்காக ஒரு வார்த்தை அதட்டுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். மனிதரை மாற்ற முடியாது. தொட்டியை மாற்றலாம் அல்லவா?

அவருடைய துளைபோடும் மெஷினையே எடுத்துத் தொட்டிக்கு ஆறு வீதம் இருபத்துநாலு ஓட்டை போட்டாள். மண்ணைக் கொட்டிவிட்டுப் பாதிக்குப் பாதி ஆற்று மணலும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பி, புதிதாகச் செடி வைத்தாள். இப்போது மேல் தொட்டியில் ஊற்றினால் தண்ணீர் அடுத்ததற்கு இறங்கி, அதற்கடுத்ததற்கு இறங்கி, கடைசியில் கீழே வைத்த வாளியில் விழுந்தது. எத்தனை தடவை ஊற்றினாலும் வேர் நனையும், ஊறாது. அவர் வாளியில் தண்ணீர் இருப்பதைப் பார்த்ததும் அதையே மொண்டு மறுபடி மேலே ஊற்றினார். ஒரே வாளித் தண்ணீர் நாள் முழுக்க ஊர்வலம் வந்தது. செடிகள் ஜம்மென்று வளர்ந்தன. இப்படியொரு தொட்டியை எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியாது என்று ஆய்வகத்தில் டீச்சரிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் வந்தாள். வேறு ஊரில் வேலை, இரண்டு குழந்தைகள், மூச்சுவிட நேரமில்லாத பிழைப்பு. வந்த அன்றைக்கே பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி. படம் போட்ட தாள், பச்சைப் புல்வெளி, சிரிக்கும் நர்ஸ்.

“நீ வேலைக்குப் போயிட்டா எட்டு மணி நேரம் அப்பா தனியா இருக்கார். கேஸைத் திறந்து விட்டுட்டா என்னம்மா பண்ணுவே?”

“கேஸை மூடிட்டுத்தான்டி போறேன். கீழ் வீட்டுக்காரி ரெண்டு வாட்டி வந்து எட்டிப் பார்க்கறா.”

“எத்தனை நாளைக்கு?”

அவள் பால்கனியைப் பார்த்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கொத்தமல்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது ஐந்தாவது தடவை.

“அவர் செடிக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் இங்கதான் இருப்பார்.”

“ஊத்தறத நிறுத்திட்டா?”

“நிறுத்தின அன்னைக்கு நானே உனக்கு ஃபோன் பண்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மகள் கெட்டவள் இல்லை. அப்பாவின் நகத்தை வெட்டிவிட்டு, சட்டைப் பொத்தான்களைத் தைத்துவிட்டு, பேருந்தில் ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனாள். ஆனால் அந்தத் தாளை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனாள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம். கதவைத் திறந்ததும், “டீச்சரம்மா வந்தாச்சா? இங்க வா, இங்க வா” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். பால்கனித் தரையில் அவருடைய கருவிப் பை விரித்துக் கிடந்தது. சட்டையெல்லாம் பிளாஸ்டிக் தூள்.

“வீடு பூரா கசிஞ்சுட்டிருந்துச்சு. எவனோ அரைகுறை வேலை பார்த்துட்டுப் போயிருக்கான். இருபத்துநாலு எடம்! முடிச்சுட்டேன். ஒரு சொட்டு கசியாது.”

அவள் குனிந்து பார்த்தாள். மீதியிருந்த துண்டுக் குழாயிலிருந்து காசு அளவுக்குச் சின்னச் சின்ன வில்லைகளாக வெட்டி, சூடு காட்டி வளைவு கொடுத்து, பசை தடவி, இருபத்துநாலு ஓட்டையிலும் ஒட்டுப் போட்டிருந்தார். விளிம்பைக்கூட உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருந்தார். விரலை ஓட்டிப் பார்த்தால் ஒட்டு தெரியவில்லை. நல்ல நாளில், நல்ல நினைவில் பார்த்த வேலையைப் போலிருந்தது. ஒரு மனிதன் மறந்துகொண்டே வருகிறான், அவன் கை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“பிரமாதம்” என்றாள்.

ராட்சசி மாதிரி மெஷினை எடுத்து அந்த ஓட்டைகளை மறுபடி போட்டிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. அவளால் முடியவில்லை. அந்த இருபத்துநாலு ஒட்டில் ஒன்றைக்கூடத் துளைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் வழக்கம்போல ஊற்றினார், தண்ணீர் தேங்கியது, ஒரே வாரத்தில் நாலு தொட்டியும் சேறாகிச் செடிகள் செத்தன. சாகட்டும் என்று விட்டாள். அடித் தொட்டியில் புதினா மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து நல்ல தண்டாகப் பார்த்து எட்டுத் தண்டுகளைக் கிள்ளி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தாள்.

டம்ளரில் போட்டது பத்தாவது நாள் வேர்விட்டது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது: தண்ணீரிலேயே வளர்கிறதை யாரால் தண்ணீர் ஊற்றிக் கொல்ல முடியும்?

வருஷக் கடைசியில் ஆய்வகத்தில் சாமான் சரிபார்ப்பார்கள். விளிம்பில் சில்லு போன அளவு ஜாடிகள், அந்த உயரமான கோடு போட்ட கண்ணாடிகள், குப்பைக்குப் போகும். டீச்சரிடம் கேட்டு எட்டை வாங்கி வந்தாள். சில்லு போன விளிம்பைக் கை கிழிக்காதபடி தேய்த்தாள். பழைய ரப்பர் செருப்பில் வட்டம் வெட்டி, நடுவில் துளை போட்டுத் தண்டை அதில் செருகி ஜாடியின் வாயில் உட்கார வைத்தாள். ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு பிளவு. வெளிச்சம் பட்டால் வேரில் பாசி பிடிக்கும் என்று கறுப்புத் தாளைச் சுற்றி, அளவுக் கோடு தெரிவதற்கு ஒரு விரல் அகலம் மட்டும் இடம் விட்டாள். எட்டும் சமையலறை ஜன்னல் திட்டில் வரிசையாக நின்றன. பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, அதன் கையில் நீல மக்.

அவர் ஊற்றினார், ஜாடி நிரம்பியது. மறுபடி ஊற்றினார், வழிந்தது. திட்டிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து சமையலறை வாசல் வரைக்கும் தண்ணீர். அவள் வந்ததும் முதல் வேலை துடைப்பது. வாசலிலேயே ஒரு சாக்குத் துணியைப் போட்டு வைத்தாள். அது எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. “பள்ளிக்கூடத்துலயும் தொடைக்கறேன், வீட்டுலயும் தொடைக்கறேன், நான் எந்த ஜென்மத்துல என்ன கொட்டிக் கவுத்தேனோ” என்று புலம்பிக்கொண்டே துடைப்பாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலைத் தூக்கிக்கொண்டு, “டீச்சரம்மா, அங்க ஒரு சொட்டு விட்டுட்ட” என்று காட்டுவார். புதினா புதராக மண்டியது. கீழ் வீட்டுக்குக் கொடுத்தது போக, தேநீரில் கிள்ளிப் போட்டுக் குடித்தார்கள்.

துடைத்து முடித்ததும் திட்டுக்கு நேராகக் குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு வைத்து அளவைப் பார்ப்பாள். கண் மட்டத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், நின்றுகொண்டு பார்த்தால் தப்பாகத் தெரியும் என்று இருபது வருஷமாக டீச்சர் பிள்ளைகளிடம் கத்துவதைக் கேட்டு வந்த பழக்கம். எட்டு ஜாடியிலும் தண்ணீர் ஐந்நூறு கோட்டுக்கு மேலே, விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சரி, இன்றைக்கும் ஊற்றியிருக்கிறார். இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார். அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றுவாள், முகம் கழுவுவாள்.

ஒரு வருஷமும் சில மாதங்களும் அப்படிப் போயின. அதற்குள் அவருக்கு மகளின் பெயர் போனது. குளியலறை எது என்பது போனது. சாப்பிட்டது போனது. அவளுக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. ஐந்நூறு கோடு ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை நாலரைக்குக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. தூங்குகிறாராக்கும் என்று நினைத்தாள். தூங்கவில்லை; நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பதற்காகப் பழக்கத்தில் சாக்குத் துணியை எடுத்தாள். துணி காய்ந்து அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. தரையில் ஈரமில்லை. குனிந்து பார்த்தாள். நானூற்று எண்பது.

வெயில் அதிகம், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை நானூற்று ஐம்பது. புதன்கிழமை மக்கில் தண்ணீர் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். “செடிக்குங்க” என்று ஜன்னலைக் காட்டினாள். அவர் மக்கை வாங்கி, ஜன்னலைப் பார்த்து, அவளைப் பார்த்து, பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

அவள் ஊற்றவில்லை. தான் ஊற்றினால் எல்லாம் முடிந்துபோனது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எழுந்து ஊற்றமாட்டாரா? ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் போதாதா? அவர் கண்ணில் படட்டும் என்று நாற்காலியைத் திட்டோடு ஒட்டிப் போட்டாள். மக்கை நிரப்பி மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தால் மக் அப்படியே இருந்தது. நானூற்றுப் பத்து, முந்நூற்று எழுபது. கறுப்புத் தாளின் இடுக்கில் வேர் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. மேல் வேர்கள் தண்ணீர் எட்டாமல் காற்றில் தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஃபோன் செய்தாள். “அப்பா ஊத்தறாரா?”

“ஊத்தறார்” என்றாள். “நாள் முழுக்க ஊத்தறார். தொடைச்சு மாளலை.”

சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் பெற்ற பெண்ணிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னல் நிறைய இருந்த புதினா ஒட்டுமொத்தமாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அதன் பக்கத்தில், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அவர். மடியில் மக் நிறையத் தண்ணீர்.

பையைக் கீழே போட்டாள். அவர் மடியிலிருந்த மக்கை எடுத்து முதல் ஜாடியில் ஊற்றினாள். குழாயில் பிடித்துப் பிடித்து எட்டையும் நிரப்பினாள். நிரம்பிய பிறகும் நிறுத்தவில்லை. அவர் ஊற்றுகிற மாதிரியே, முதல் தடவை ஊற்றுகிற மாதிரியே, மறுபடி மறுபடி ஊற்றினாள். தண்ணீர் திட்டில் வழிந்து சுவரோரமாக இறங்கித் தரையில் பரவியது. அவர் பாதத்தைத் தொட்டது. ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போகிற மனிதர். எழுந்திருப்பார், திட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்ப்பார், கருவிப் பையைக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

அவர் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்.

“கசியுதுங்க” என்றாள். “எங்கயோ கசியுது. கொஞ்சம் பாருங்களேன்.”

அவர் தரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை ‘நீ’ என்று தவிர வேறுவிதமாகப் பேசாத மனிதர், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு, அக்கறையாகச் சொன்னார்:

“ரொம்பக் கசியுதேம்மா. நல்ல பிளம்பரா பார்த்துக் கூப்பிடுங்க.”

அவள் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவை நனைந்தது. கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் சங்கடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிற வேற்றுப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியாத ஆணின் சங்கடம்.

“அழாதீங்கம்மா. இதெல்லாம் சின்ன வேலை. தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?”

“ஒருத்தர் இருந்தார்” என்றாள். “அவர் செஞ்சா ஒரு சொட்டு கசியாது.”

“அப்போ அவரையே கூப்பிடுங்க.”

அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். மேஜைமேல் அந்த விடுதித் தாள் கிட்டத்தட்ட இரண்டு வருஷ வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவள் எண்ணை அழுத்துவதைப் பார்த்து அவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். காலைத் தூக்கியபடியே இருந்தார்.

மறுமுனையில் மகள், “என்னம்மா இந்த நேரத்துல?” என்றாள்.

அவள் பேச வாயெடுப்பதற்குள் அவர் கையை ஆட்டி அழைத்தார். குரலைத் தாழ்த்தி, “அவர் வர்றவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்மா, பயப்படாதீங்க” என்றார்.